குழாய் இல்லாதவன் கதி என்ன?

நமது புதுக்கோட்டைச் சீமையில் சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டம் என்றொரு குகை இருக்கிறது. அங்குள்ள 17 கற்படுக்கைகளில் சமண முனிவர்கள் பட்டினி கிடந்து உயிர்விட்டார்கள் என்கிறார்கள். சல்லேகனை என்னும் இவ்வழக்கத்தை 2015-ல் ராஜஸ்தான் ஐகோர்ட் தற்கொலை என்று தடுத்தது. அதே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

நாம் அதில் குறை சொல்ல வரவில்லை. மோட்சத்துக்காகச் சாகிறவனுக்கு மாலை மரியாதை! புற்றுநோய் எலும்பை அரிக்க, டாக்டரும் கைவிட்ட பின், “போதும், என்னை விட்டுவிடுங்கள்” என்று கதறுகிறவன் மட்டும் பாவியா? “ஆண்டவன் கொடுத்த உயிரை அவனே எடுக்கவேண்டும்” என்கிறார்கள் ஆஸ்திகர்கள். அப்படியானால் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக் கொள்வானேன்? அதுவும் ஆண்டவன் காரியத்தில் கை வைப்பதுதானே!

தென் ஜில்லாக்களில் ‘தலைக்கூத்தல்’ என்று கிழவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகடிக்கும் கொடுமையை இதோடு முடிச்சுப் போடவேண்டாம். அங்கே முடிவு செய்பவர்கள் பிள்ளைகள். நாம் கேட்பதோ நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு.

சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9-ல், குணமாக வழியில்லாதவனுக்குச் சிகிச்சையை நிறுத்தலாம், அவன் அதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023-ல் அம்முறையை எளிதாக்கியது. நல்லதுதான். ஆனால் குழாயைப் பிடுங்கலாமாம். அவன் கேட்டாலும் மருந்து கொடுத்து முடிக்கக் கூடாதாம்! நெதர்லாந்தில் 2002 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது. குழாயே காணாமல் குடிசையில் துடிக்கிறானே, அவனுக்கு எதை நிறுத்துவார்களாம்?