யாருடைய இருட்டு?

கறுப்புத் துணியில் வெள்ளை அலைக்கோடுகள் அச்சடித்த டி-ஷர்ட் ஒன்று, ஒரகடம் பக்கமுள்ள எங்கள் கல்லூரி வகுப்புக்கு வாராவாரம் வருகிறது. ஜாய் டிவிஷன் குழு 1979இல் வெளியிட்ட 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தின் அட்டைப்படம் அது. போஸ்ட்-பங்க் என்றால் என்னப்பா என்று கேட்டேன். "இருட்டு, தனிமை, பேஸ் கிட்டார், மேம்" என்றான் பையன். இசைப் பத்திரிகைகளின் 'தலைசிறந்த' பட்டியல்களும் அதைத்தான் சொல்கின்றன. மேலே மான்செஸ்டரின் சோகமான ஆண்கள், கீழே எங்கோ பெண்கள்.

அந்தக் குழுவின் பெயர்க்கதை அவனுக்குத் தெரியாது. நாஜி முகாமில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக அடைத்த பகுதிக்கு ஒரு நாவல் தந்த பெயர். நான்கு இளைஞர்கள் அதை எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள். நல்ல பாட்டுகள்தான், நானும் கேட்கிறேன். ஆனால் இருட்டுக்கு இவர்களா அளவுகோல்?

யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றது பங்க். அடுத்து வந்தவர்கள் பாட்டின் எலும்பையே மாற்றினார்கள். கிட்டார் ஒதுங்கியது, பேஸ் மெட்டைச் சுமந்தது. ஜமைக்காவின் டப் இசையிலிருந்து மௌனத்தை எடுத்துக்கொண்டார்கள். கடைவீதி, கூலி, படுக்கையறைப் பேரம் எல்லாம் பாட்டுக்குள் வந்தன. இதுதான் வரையறை என்றால் என் பட்டியல் வேறு. முதலில் தி ஸ்லிட்ஸின் 'கட்' (1979). அதில் பாடிய ஆரி அப் 14 வயதில் குழுவில் சேர்ந்தவர். 'லட்சணமான' பெண்ணை அவர்கள் கிண்டலடிக்கும் அழகே தனி. அடுத்து, அதே ஆண்டு வந்த தி ரெயின்கோட்ஸின் முதல் ஆல்பம். வயலின் கீறக் கீற, ஒரு ராணுவ வீரனின் பாலியல் வன்முறையைப் பாடுகிறார்கள். பிறகு ஓ பேர்ஸ், 1981. ஆண்களில் கேங் ஆஃப் ஃபோரின் 'என்டர்டெயின்மென்ட்!' போதும்.

நம் ஊரில்? 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது, கானா பாட வந்த ஒரே பெண் இசைவாணி. "பெண்கள் வந்தால் சேர்ப்போம்" என்பது எல்லா மேடைகளிலும் தயாராக இருக்கும் பதில். எப்படி வருவது? அன்றைய லண்டனில் காலி வீடுகளில் புகுந்து வாடகையில்லாமல் குடியிருக்க முடிந்தது. கலைக்கல்லூரியில் படிக்க அரசு உதவித்தொகை இருந்தது. கற்றுக்கொள்ளும்போது தப்பாக வாசிக்க ஓர் அறை கிடைத்தது. இங்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களுக்கு விடுதிச் சோறே நஞ்சானது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அந்த இருட்டு எந்த டி-ஷர்ட்டில் இருக்கிறது?

என் பழைய மாணவி ஒருத்தி நன்றாகக் கானா பாடுவாள். இப்போது கம்பெனி விடுதியில் இருக்கிறாள். அறையில் ஆறு பேர், யாராவது இருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே இருப்பார்கள். மொட்டைமாடிக் கதவுக்கு வார்டன் பூட்டு போட்டிருக்கிறார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட் நிரம்பும்வரை பாடுகிறாளாம்.