நெட் ஸ்லோ என்று சொன்னால் போதுமா?



நம் ஊரில் இப்போது சில வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கம்பத்திலிருந்து ஒயர் இழுத்து நெட்டும் கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு பேச்சும் வந்துவிட்டது. ரிசல்ட் பக்கம் திறக்கவில்லையா, "நெட் ஸ்லோ". பாட வீடியோ நின்று நின்று ஓடுதா, "நெட் ஸ்லோ". அப்புறம் நாம் இரண்டில் ஒன்று செய்கிறோம். லைன்மேன் அண்ணனைத் திட்டுகிறோம். இல்லையென்றால் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுகிறோம். இரண்டும் அவசரம் என்பது என் கருத்து. முதலில் நம் வீட்டுக்குள்ளே வரிசையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதை நாமே செய்யலாம். பெண் பிள்ளைகளும் செய்யலாம்.

திருக்குறளில் மருந்து என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. நோய் என்ன, அது எதனால் வந்தது என்று பார்த்த பிறகுதான் வைத்தியம் என்கிறார் வள்ளுவர். "நெட் ஸ்லோ" என்பது "உடம்பு சரியில்லை" என்பது மாதிரி. அதை மட்டும் கேட்டுவிட்டு எந்த டாக்டரும் ஊசி போட மாட்டார்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். பிளானில் 40 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருப்பார்கள். இது டாக்டர் படிப்பு இல்லை! ஒரு செகண்டுக்கு 40 மெகாபிட் என்று அர்த்தம். ஆனால் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை இறக்கும்போது பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். அதனால் 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மெகாபைட். திரையில் 5 என்று தெரிந்தால் "35-ஐ ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போகக்கூடாது. அது முழு வேகம்.

இனி சோதனை. பக்கத்தில் இருப்பதிலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

ஒன்று, கம்ப்யூட்டர். ஏற்கனவே சேமித்து வைத்த பாடம் திறக்கவும் நேரமாகிறதா? அப்படியென்றால் நெட் மேல் குற்றம் இல்லை, கம்ப்யூட்டர்தான் திணறுகிறது. அது சரியாக இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். எந்த புரோகிராம் நெட்டை இழுக்கிறது என்று அதில் தெரியும். பல நேரம் நமக்குத் தெரியாமல் பின்னால் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு, ஒயர். கம்ப்யூட்டருக்கும் நெட் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ஒயருக்குள் 8 மெல்லிய செம்புக் கம்பிகள், 4 ஜோடியாக முறுக்கி இருக்கும். ஒரு கம்பி அறுந்தாலே நெட் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை. 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு 2 ஜோடி போதும், 1000-க்குத்தான் 4 ஜோடியும் வேண்டும். அதனால் ஒயர் கெட்டாலும் நெட் சாகாமல் நொண்டிக்கொண்டு ஓடலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் ஈதர்நெட் போனால் லிங்க் ஸ்பீடு என்று இருக்கும். அங்கே 1000 அல்லது 100 இருந்தால் பரவாயில்லை. 10 என்று இருந்தால் ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இது எங்கள் தெருவில் நடந்தது. ஒரு அக்கா வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து ஆன்லைன் மனு போட்டுக் கொடுக்கிறார். அதுதான் அந்தக் குடும்பத்துக்கு வருமானம். நெட் இழுத்தடித்ததால் ஆட்கள் டவுனுக்குப் பஸ் ஏறிப் போக ஆரம்பித்தார்கள். உதவித்தொகைக்குக் கடைசி நாளில் வந்த ஒரு பொண்ணு அழுதுகொண்டே திரும்பிப் போனாள். நெட் கொடுத்தவரிடம் கேட்டால் "பிளானை ஏத்துங்க" என்றார். மாதம் 250 ரூபாய் கூட. அக்கா மூன்று மாதம் கட்டினார், 750 ரூபாய். வேகம் கூடவே இல்லை. பிறகு லிங்க் ஸ்பீடு பார்த்தோம், 10 என்று இருந்தது. கதவு இடுக்கில் ஒயர் நசுங்கி இருந்தது. 120 ரூபாய்க்குப் புது ஒயர் போட்டதும் 100 ஆகிவிட்டது. குழாய் அடைத்திருக்கும்போது தொட்டியைப் பெரிசாக்கினால் தண்ணீர் வருமா?

மூன்று, பெட்டி. அணைத்துவிட்டு அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். ஃபைபர் லைன் என்றால் எல்.ஓ.எஸ். என்ற விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஃபைபரை மடக்காதீர்கள், கழற்றி அதன் முனையைக் கண்ணுக்கு நேராகப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

நான்கு, வெளி லைன். காலை, மாலை, இரவு என்று மூன்று நாள் வேகத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். அளக்கும்போது வீட்டில் வேறு யாரும் நெட் பார்க்கக்கூடாது. ஒரே ஃபைபரைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுக்கிற முறை இருக்கிறது. இரவில் மட்டும் வேகம் குறைந்தால் வெளியே நெரிசல் என்று சந்தேகப்படலாம். மாதக் கடைசியில் மட்டும் குறைந்தால் பிளானில் கொடுத்த டேட்டா அளவு முடிந்திருக்கலாம்.

"காசு வாங்குறது அவங்க, நாம ஏன் மெனக்கெடணும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் "பிளானை ஏத்துங்க" என்றுதான் பதில் வரும். "ஒயர் மாத்திட்டோம், லிங்க் ஸ்பீடு 100, மூணு ராத்திரியும் 40-க்குப் பதிலா 6, 5, 7தான் வருது" என்று நோட்டைக் காட்டினால் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்ச வேகம் 2004-ல் 256 கே.பி.பி.எஸ். 2013-ல் அது 512 ஆனது. 2023-ல் 2 எம்.பி.பி.எஸ். ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தவர்களை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வீட்டில் பிளக் லூசாக இருந்ததற்கு ஒருவர் மழையில் கம்பத்தில் ஏற வேண்டுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் நிஜமாகவே கோணலா என்று அளந்து பார்த்துவிட்டுப் பேசினால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

கடைசியாகத் தோழிகளுக்கு. கம்ப்யூட்டர் கெட்டால் "நீ தொடாதே, அண்ணன் வரட்டும்" என்கிறார்கள். அண்ணன் சனிக்கிழமை வருவான். மனு போடக் கடைசி நாள் வியாழக்கிழமையாக இருந்தால் என்ன செய்வது? குக்கரில் விசில் வரவில்லை என்றால் கேஸ்கட்டைக் கழற்றிப் பார்க்கிற கை, ஒரு ஒயரைக் கழற்றி மாட்டக் கூடாதா? அந்த நெட் ஒயரில் ஷாக் அடிக்கிற மின்சாரம் வராது. கரண்ட் பிளக்கை மட்டும் ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தொடுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

நம் பள்ளியிலும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தேதி, நேரம், வேகம், எதை மாற்றினோம் என்று நாங்களே முறை வைத்து எழுதுகிறோம்.

குறை சொல்லும் முன் அளந்து பார்ப்போம்! பணம் கட்டும் முன் சோதித்துப் பார்ப்போம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி