வெயில் நமக்குப் புதிதா?

நம் பங்கில் பிறந்து வளர்ந்து, இப்பொழுது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குடியிருக்கும் ஓர் இளந்தம்பதியரிடமிருந்து மடல் ஒன்று வந்துள்ளது. ஏழு வயது மகளையும் இரண்டு வயது மகனையும் காரில் அழைத்துக்கொண்டு, டிசம்பர் விடுமுறையில் நாட்டின் நடுவே பாலையிலுள்ள உலுரு பாறை வரை செல்லவும், வழிநெடுகக் கூடாரமடித்துத் தங்கவும் எண்ணியிருக்கின்றனர். அயலார் தடுத்தபோது, "தூத்துக்குடியில் பிறந்த எங்களுக்கு வெயில் புதிதா?" என்று சிரித்தார்களாம். நம்மிடம் ஆசி கேட்டு எழுதிய மடல் அது. ஆசி தருமுன் சில சொல்ல வேண்டியுள்ளது. பேரப் பிள்ளைகளைக் காண அந்நாடு சென்றுவரும் பெரியோர் நம் வாசகரிடையே இருப்பதால், மறுமொழியை இங்கேயே எழுதுகிறோம்.

அந்த வெயில் புதிதுதான். 2019 பிப்ரவரியில் நாம் அங்கு சென்றிருந்தபோது, நண்பர் ஒருவரோடு கூபர் பீடி என்னும் பாலைவன ஊர் வரை பயணம் செய்தோம். நம் கடற்கரை வெயில் ஈர வெயில். சட்டை நனையும், கழுத்தில் வழியும். உடல் நீரை இழப்பதைக் கண்ணாலேயே காண்கிறோம். அங்கோ காற்றில் ஈரம் மிகக் குறைவு; வியர்வை தோன்றிய உடனே ஆவியாகிவிடுகிறது. தோல் உலர்ந்தே இருந்ததால், வியர்க்கவேயில்லை என்று நண்பரிடம் பெருமையாகச் சொன்னோம். பிற்பகலில் தலைவலியும் குமட்டலும் வந்தன. சட்டையின் முதுகில் உப்புப் பூத்து வெண்கோடுகள் படிந்திருந்ததை அவர்தாம் சுட்டிக்காட்டினார். ஐம்பதை எட்டிய நமக்கே தெரியாததை இரண்டு வயதுப் பாலகன் எங்ஙனம் சொல்வான்?

பிள்ளையின் உடல் எடையோடு ஒப்பிட, தோலின் பரப்பு பெரியோரைவிட மிகுதி. காற்று உடலைவிடச் சூடாயிருக்கும்போது அத்தோல் வழியே வெப்பம் விரைந்து உட்புகும். வியர்க்கும் ஆற்றலோ குறைவு. விளையாட்டு மும்முரத்தில் அது தண்ணீரும் கேட்பதில்லை. எனவே கேட்குமுன்னரே அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். சிறுநீர் குறைதல், கண்ணீரின்றி அழுதல், காரணமில்லாச் சிணுங்கல், பின்பு சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றைத் தாய்மார் உறக்கமென்று எண்ணிவிடக் கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைக் களைந்து, ஈரத்துணியால் உடலை நனைத்து விசிறுக. நினைவு தடுமாறினால் மருத்துவ உதவியை நாடுக. தள்ளுவண்டியைத் துணியால் மூடுவது நிழலன்று. உள்ளே அனல் கூடும். நிறுத்திய காரில் பிள்ளையை ஒரு நிமிடமும் விட்டுச் செல்லலாகாது.

டிசம்பர் வேண்டாம். அவர்கள் செல்லும் வழிக்குக் கிழக்கே உள்ள ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் நாள் 50.7 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. ஜூலைப் பள்ளி விடுமுறையில் பகல் இதமாயிருக்கும். இரவில் கம்பளி வேண்டும். விடுப்பு அக்டோபரில்தான் கிடைக்குமெனில் செல்லலாம். ஆனால் அன்றாடத் திட்டம் சிறுவனின் உடலைக் கொண்டே வகுக்கப்படவேண்டும். பகலில் கூடாரம் அடுப்பாகிவிடும். காற்றோட்டமாகத் தார்ப்பாய் ஒன்றைத் தனியே கட்டி அதனடியில் இருக்கலாம். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டருக்குக் குறையாமலும், உபரியாகச் சில நாட்களுக்கும் கணக்கிடுக; ஒரே பெரிய கேனில் வேண்டாம், கசிந்தால் எல்லாம் போயிற்று. உலுருவைச் சுற்றும் 10.6 கிலோமீட்டர் பாதையைச் சிறுவனோடு முழுதும் நடக்க முயல வேண்டாம். நடக்கும் சிறு பகுதியையும் காலை 11 மணிக்குள் முடித்துவிடுக. பாறைமீது ஏறுவது, அதைப் புனிதமாகப் போற்றும் அனங்கு மக்களின் விருப்பப்படி, 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. பூங்காவினுள் கூடாரமடிக்க அனுமதியில்லை. அருகிலுள்ள யுலாரா ஊரில்தான் இடம்.

தந்தைக்கு ஒன்று. 200 கிலோமீட்டருக்கும் மேல் எரிபொருள் நிலையமே இல்லாத நெடுஞ்சாலை அது. கைபேசியும் பல இடங்களில் இயங்காது. செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றைக் கட்டாயம் கொண்டுசெல்க. கார் பழுதானால் உதவி தேடி நடந்துபோக வேண்டாம். அதுவே நிழல், வானிலிருந்து தேடுவோர் கண்ணுக்கு மனிதனைவிடக் கார்தான் எளிதில் தென்படும். குடும்பத்தைக் காக்க நடந்தே தீரவேண்டுமென்று ஆண்மனம் துடிக்கும். அந்நேரம் அசையாமல் இருப்பதே கடினமான வேலை.

கூபர் பீடியில் ஓரிரவு கூடாரத்தை மடித்து வைத்துவிடுக. ஓபல் மணிக்கல் தோண்டும் அவ்வூரார் பலர் வெப்பத்திற்கு ஒதுங்கி, பாறையைக் குடைந்து அதனுள் வாழ்கின்றனர். தங்கும் அறைகளும் நிலத்தடியில் உண்டு. புனித பேதுரு, பவுல் ஆலயமும் அவ்வாறே குடைந்ததுதான். நம் பாட்டிமார் மொழியில் இராயப்பர் சின்னப்பர் கோயில்! பேதுரு என்றால் பாறைதானே. வெளியே அனல் வீச, உள்ளே குளிர்ந்த சுவரில் தலைசாய்த்து அமர்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

மடலின் அடியில் மகள் தன் கையால், "சாமி, கங்காரு வருமா?" என்று எழுதியிருக்கிறாள். வரும், அம்மா. பொழுது சாயும் வேளையில்தான் மிகுதியாக வரும். சாலையின் குறுக்கேயும் பாயும். ஆகவே இருட்டுமுன் வண்டியை நிறுத்திவிட வேண்டுமென்று அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.