அலுமாரியில் கிடக்கும் நோட்ஸ்

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்க நினைத்த என் பழைய மாணவி ஒருத்தி, நோட்ஸ் விலையைக் கேட்டதும் "வேண்டாம் சேர்" என்று விட்டுவிட்டாள்.

கேட்பது மொழி, பொது அறிவு, நுண்ணறிவுதானே. அரசியலமைப்பு பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசம். 2022இல் வந்த 21ஆவது திருத்தம் இல்லாத பழைய பிரதியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பத்திரிகைகளை யாழ். பொது நூலகத்தில் வாசிக்கலாம்.

கிடைக்காதது தமிழில் நல்ல பயிற்சி வினாத்தாள்கள்தான். 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேறிய சமூகம் நாங்கள். மூத்தவர்களின் புத்தக அடுக்கு எங்கட வீடுகளில் இல்லை. பரீட்சை எழுதியவர்கள் தமிழர், முஸ்லிம் யாராயினும் பழைய பேப்பர்காரனுக்கு நிறுத்துப் போட முன் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். சோனகதெருவில் போட்டோ கொப்பி எடுத்துவிட்டு நானே கொண்டுவந்து திருப்பித் தருவேன்.