சடையை அவிழ்க்கச் சொல்பவர்கள்



இது சகோதரிகளுக்கு எழுதியது. சகோதரர்களும் இதை வாசிக்கலாம், வாசிக்க வேண்டும். செலவைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம்.

சென்ற ஆண்டு மீமிசலில் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு நிக்காஹ் பேச்சு நடந்தது. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். ஓதத் தெரியுமா என்றார்கள், தெரியும். படிப்பு என்ன என்றார்கள், பட்டப்படிப்பு. பிறகு அவர்களுள் மூத்தவர், "முக்காட்டை எடும்மா, முடியப் பாப்போம்" என்றார். முக்காடு விலகியது. நல்ல அடர்த்தியான முடி. ஆனால் சுருள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "புள்ள நல்லாத்தான் இருக்கு. முடிதான் கொஞ்சம் சுருட்டையா இருக்கு. இப்பத்தான் பார்லர்ல நேராக்குறாங்களே, கல்யாணத்துக்குள்ள செஞ்சுடலாம்" என்று பெரிய மனத்துடன் ஒரு தீர்வையும் அவர்களே சொன்னார்கள். பெண்ணின் தாய் உடனே தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

நிக்காஹுக்கு ஒன்பது நாள்களுக்கு முன் நகரத்து அழகு நிலையம் ஒன்றில் ஐந்து மணி நேரம் அந்தப் பெண் உட்காரவைக்கப்பட்டாள். கண் எரிந்தது, இருமல் வந்தது. "கொஞ்ச நேரந்தான்" என்றார்களாம். திருமண நாளில் முடி மழைநீர் வழிவதுபோல் நேராக இருந்தது, எல்லோரும் புகழ்ந்தார்கள். மூன்று மாதம் கழித்து எனக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமி, குளிக்கும்போதெல்லாம் கை நிறைய முடி வருது. நெத்தி ஓரத்துல தோலு தெரியுது" என்றாள். கணவர் அதற்குள் சவூதிக்குத் திரும்பியிருந்தார். வேரிலிருந்து வளர்ந்த புதிய முடி, அல்லாஹ் படைத்தபடியே, மீண்டும் சுருளாக வந்துகொண்டிருந்தது. சுருளும் நேரும் சந்திக்கும் இடத்தில் முடி முறிந்தது.

இது ஒரு வீட்டின் துயரம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். கோட்டைப்பட்டினத்திலிருந்து தொண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து ஊர்களில் கேட்டுப் பாருங்கள். மருதாணிக்கும் நகைக்கும் பக்கத்தில் இன்று முடி நேராக்கும் செலவும் கல்யாணக் கணக்கில் ஏறிவிட்டது. வரதட்சணை கூடாது என்று ஜமாஅத்தில் தீர்மானம் போடும் நாம், பெண்ணின் உடம்பிலிருந்து கேட்டு வாங்கும் இந்தச் சீரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சுருள்முடி எப்போது குறையானது? பழந்தமிழர் பெண்ணின் கூந்தலை ஐம்பால் என்றார்கள். ஐந்து வகையாக அதை முடிப்பதால் வந்த பெயர் அது. முடி, கொண்டை, குழல், பனிச்சை என்று எண்ணிவரும் அந்த வரிசையில் சுருளும் ஒன்று. மொழி அழகென்று எண்ணி வைத்ததை விளம்பரப் படம் நம் மனத்திலிருந்து கழற்றிவிட்டது. நம் நபி (ஸல்) அவர்களின் தலைமுடியை வருணிக்கும் அனஸ் (ரலி) அவர்கள், அது கடுஞ்சுருளும் அன்று, படிந்து தொங்கும் நேர்முடியும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. நபியவர்கள் மக்காவுக்கு வந்தபோது அவர்களின் முடி நான்கு சடைகளாகப் பின்னப்பட்டிருந்ததை உம்மு ஹானி (ரலி) கண்டு அறிவித்திருக்கிறார்கள். திர்மிதியும் அபூதாவூதும் பதிவு செய்கின்றன. முடி உள்ளவர் அதற்கு உரிய கண்ணியத்தைக் கொடுக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு நபிமொழியும் அபூதாவூதில் உண்டு. கண்ணியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சுடு இரும்பில் வைத்து அழுத்துவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அந்த நிலையங்களில் தடவுவது என்ன? 'கெரட்டின்' என்கிறார்கள். கெரட்டின் என்பது முடியிலேயே இருக்கும் புரதம். கேட்க இதமான பெயர். அப்படி விற்கப்படும் பல கலவைகளில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைடு. சூடான இரும்பு படும்போது ஆவியாகக் கிளம்பி மூக்கையும் கண்ணையும் எரிப்பது அதுதான். அதைத் தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். 2018-ஆம் ஆண்டு கேரளத்திலும் சென்னையிலும் மீனில் ஃபார்மலின் கலந்திருப்பதாகச் செய்தி வந்தபோது நம் கரையில் எத்தனை பேச்சு! நம்மூர் மீன் பச்சை மீன், அதில் மருந்து கிடையாது என்று சத்தியம் செய்யாத குறை. பிணவறை மருந்தைத் தின்ன வைக்கிறார்களே என்று கொதித்தோம். அதே மருந்தைப் பணம் கொடுத்து மகளின் தலையில் பூசிக்கொண்டு வருகிறோம். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது.

"நாங்கள் ஃபார்மால்டிஹைடு இல்லாததைத்தான் போடுகிறோம்" என்பது அடுத்த பதில். துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என்று மூன்று முறை சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. மூன்று முறையும் அவர் அன்றைய தினம்தான் முடியை நேராக்கிக்கொண்டு வந்திருந்தார். பூசப்பட்ட கலவையில் இருந்தது கிளையாக்சிலிக் அமிலம். அதே கலவையை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகமும் பழுதானதை மருத்துவர்கள் 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2022-இல் வெளியானது. நேராக்கும் இரசாயனத்தைத் தொடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 விழுக்காடு என்றும் அது கணக்கிட்டது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதைத்தான் இத்தகைய ஆய்வு சொல்லும். இதனால்தான் இது என்று அறுதியிடாது. அந்தப் பெண்களுக்குப் பூசப்பட்டதும் நம் ஊரில் பூசப்படுவதும் ஒரே கலவை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் புட்டியில் என்ன இருக்கிறதென்று பூசுபவருக்கே தெரியாத ஊரில் இருக்கிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

மால்கம் எக்ஸ் என்ற பெயரை நம் இளைஞர்கள் சட்டையில் அச்சிட்டு அணிகிறார்கள். அவர் தன் வரலாற்றில் முடியைப் பற்றி எழுதிய பக்கங்களையும் படிக்கட்டும். இளம் வயதில் பாஸ்டன் நகரில், காரமும் முட்டையும் உருளைக்கிழங்கும் கலந்த குழம்பை நண்பன் அவர் தலையில் பூசினான். தலை தீப்பற்றியதுபோல் எரிந்தது. முடி வெள்ளையருடையதைப் போல் நேரானது. கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்தார். தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொள்வதில் அதுவே தான் வைத்த முதல் பெரிய அடி என்று பின்னாளில் வெட்கத்துடன் எழுதினார். 1964-இல் ஹஜ் செய்து திரும்பியவர் அவர். சுருளைக் கேவலம் என்று கற்பித்தவர்களை எதிர்த்தே வாழ்ந்து முடித்தார். நாம் கூலி வாங்காமல் அந்தக் கல்வியை நம் வீட்டுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"அலங்காரம் ஹராமா?" என்று ஒரு சகோதரி கேட்பார். இல்லை. முடியை நேராக்குவது பற்றி ஃபத்வா கொடுப்பது உலமாக்களின் பொறுப்பு. என் இடம் அன்று. புதிதாக மணமுடித்த பெண்ணொருத்திக்கு நோயால் முடி உதிர்ந்துவிட, ஒட்டுமுடி வைக்கலாமா என்று அவள் வீட்டார் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும், அதை அவர்கள் கடுமையாகத் தடுத்ததும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. கேள்வி வந்தது ஒரு மணப்பெண்ணைப் பற்றி. நோயால் இழந்தவளுக்கே அந்தப் பதில் என்றால், நல்ல முடியோடு இருப்பவளின் முடியைக் கெடுத்து, பிறகு சவுரி வாங்கி ஒட்டுகிறோமே, நம் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும்?

இனி நம் மார்க்க மேடைகள். பெண்ணின் முடியைப் பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறேன்! எல்லாம் மூடுவதைப் பற்றி. மூடிய துணிக்கு உள்ளே அது என்ன பாடுபடுகிறது என்று கேட்ட ஒருவரை நான் கண்டதில்லை. போதாக்குறைக்கு, பின்னினால் குளிப்பு நிறைவேறாது என்று சிறுமிகளைப் பயமுறுத்தும் வழக்கம் வேறு. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் இதையே நேராகக் கேட்டார்கள்: நான் இறுக்கமாகச் சடை பின்னுகிறவள், கடமையான குளிப்புக்கு அதை அவிழ்க்க வேண்டுமா என்று. வேண்டியதில்லை, தலையில் மூன்று முறை நீரள்ளி ஊற்றினால் போதும் என்பது நபியவர்களின் பதில். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் பெண்களைச் சடை அவிழ்த்துக் குளிக்கச் சொல்வதாகக் கேள்விப்பட்ட ஆயிஷா (ரலி) அவர்கள் வியந்து, அப்படியானால் தலையையே மழித்துவிடச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டுவிட்டார்கள். இரண்டும் முஸ்லிம் நூலில் உள்ளவை. ஹனஃபி மத்ஹபில் முடியின் வேர் நனைந்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் பின்னலின் உட்புறம் வரை நீர் செல்ல வேண்டும். செல்லாத அளவுக்கு இறுகியிருந்தால்தான் அவிழ்க்க வேண்டும். மாதவிடாய்க் குளிப்பில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமாவிடம் கேளுங்கள். தளர்வாகப் பின்னினால் இரு மத்ஹபிலும் சிக்கல் இல்லை. முடிக்கும் நல்லது அதுவே.

ஏன் நல்லது? நேர்முடியில் தலைத்தோலின் எண்ணெய் நுனிவரை வழுக்கிக்கொண்டு இறங்கும். சுருளில் வளைவு வளைவாக நின்றுவிடும். ஆகவே நுனி காய்கிறது. ஒவ்வொரு வளைவும் முறிவதற்கு ஓர் இடமாகிறது. நம் கரையின் உப்புக் காற்றும் உவர்நீரும் அதை இன்னும் காயவைக்கின்றன. என் நன்னிக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது, வழி தெரியும். காய்ந்த முடியில் சீப்பு வைக்க விடமாட்டார்கள். முடியை நனைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு, முதலில் விரலால் சிக்கெடுப்பார்கள். பிறகு அகன்ற பல்லுள்ள மரச்சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறுவார்கள். பிறகு வகிர்ந்து நான்கோ ஆறோ கூறாக்கி, சில கூறுகளைக் கயிறு திரிப்பதுபோல் இரண்டு பிரியாக முறுக்குவார்கள். சிலவற்றை மூன்று பிரியாகப் பின்னுவார்கள். ஐந்தாறு நாள் அதைத் தொடுவதில்லை. தொடாமல் இருப்பதுதான் அதில் பாதி வைத்தியம். முறுக்குக்குள் நுனி மறைந்திருப்பதால் காற்றும் துணியும் உரசுவதில்லை. முடி உடையாமல் நீள்கிறது. ஆப்பிரிக்கப் பெண்கள் நூற்றாண்டுகளாகப் பேணிவரும் முறையும் இதற்குப் பக்கத்து வீடுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஈரமுடியை அப்படியே ஹிஜாபுக்குள் கட்டாதீர்கள்; உள்ளே அணியும் தொப்பி வழவழப்பான துணியாக இருக்கட்டும். மற்றொன்று, இறுக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டும் இரட்டைச் சடையை நம் தாய்மார் புருவமே உயரும்படி இழுத்துக் கட்டுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் அப்படி இழுத்தால் நெற்றியோர வேர் செத்துப்போகும். பிறகு எந்த எண்ணெயும் அதை எழுப்பாது. பின்னிய பிறகு பிள்ளைக்குத் தலை வலித்தால் அவிழ்த்துவிட்டுத் திரும்பப் பின்னுங்கள்.

நபி (ஸல்) அவர்களின் மகளார் இறந்தபோது குளிப்பாட்டிய பெண்களுள் உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் ஒருவர். முடியை வாரி, மூன்று சடைகளாகப் பின்னி, முதுகுப்புறம் இட்டதாக அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. மையித்துக்கே அத்தனை பொறுமையோடு பின்னிவிட்ட சமுதாயம், உயிரோடு இருக்கும் மகளுக்குப் பின்னிவிட நேரமில்லை என்று அழகு நிலையத்துக்கு அனுப்புகிறது.

அந்தப் பெண் நேராக்கிய பகுதி முழுவதையும் வெட்டிவிட்டாள். முடி இப்போது தோளுக்கும் எட்டாது. வியாழன் இரவுகளில் அவள் தாய் உட்கார்ந்து முறுக்கிவிடுகிறார். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. அக்காவை விடவும் சுருள். வரும் ஷவ்வாலில் அவளைப் பார்க்க வருகிறார்களாம். சடையை அவிழ்க்கப் போவதில்லை, வருபவர்களுக்கு அது பிடிக்கவில்லையென்றால் தேநீரைக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று, அன்று தலையசைத்த அதே தாய் இன்று சொல்கிறார்.