எண்பத்துநாலு ஞாபகமிருக்கு

1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று டெய்லருக்குத் துணியைக் கைமடித்துக்கொண்டிருந்த பையன்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள். டெய்லராக இருந்தவர்களுக்கு எழுபதுகூட ஆகியிருக்கும்.

அவர்களில் ஒருவருக்கு மறதி நோய் என்றால் வீட்டார் நம்புவதில்லை. "ஸ்ட்ரைக்குல யார் யார் வந்தாங்கன்னு அப்பன் இன்னும் சொல்றாருங்க. காலையில சாப்பிட்டதுதான் மறந்துபோகுது."

புதியது முன்னே போகும், பழையது கடைசிவரை நிற்கும் என்று பிரெஞ்சுக்காரர் ரிபோ 1881-லேயே எழுதிவிட்டார். ஏன் என்பது புரியத் தொடங்கியது ஹென்றி மொலைசனால். 1953-இல் வலிப்புக்காக அவருடைய மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸின் ஒரு பெரிய பகுதியை வெட்டியெடுத்தார்கள். இளவயது நினைவுகள் இருந்தன. புதிதாக நடந்த எதுவும் தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். நாளுக்கு நாள் கை தேறியது. முந்தின நாள் வரைந்ததோ மொலைசனுக்கு ஞாபகமே இல்லை!

நடந்ததைப் பதிய ஹிப்போகேம்பஸ் வேண்டும். நரம்பணு இணைப்புகள் வலுத்து, நாளடைவில் அந்த நினைவு பெருமூளைப் புறணியில் ஊன்றிக்கொள்கிறது. கைப்பழக்கத்துக்கு வேறு பகுதிகள். மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது ஹிப்போகேம்பஸிலும் அதை ஒட்டிய புறணியிலும்.

அதனால்தான் நோய் தொடங்கிய டெய்லருக்கும் ஓவர்லாக்கில் தையல் நேராகவே ஓடும். ஆனால் எம் சைஸ் உடம்பில் எக்ஸ்எல் கழுத்துப் பட்டி ஏறியிருக்கும். செக்கிங்கில் மாட்டும், திட்டு விழும். பீஸ் ரேட்டில் அதற்குமேல் விசாரணை கிடையாது. "வயசாயிருச்சு" என்று கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். பி12 குறைவாலும் தைராய்டு கோளாறாலும் வரும் மறதி மருந்தில் தேறக்கூடியது. அதுவும் இந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போகிறது.

இந்தியாவில் அறுபது கடந்தவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. பெண்களிடமும் படிக்காதவர்களிடமும் அதிகம். மறதிச் சோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், ஐந்தாம் வகுப்போடு கம்பெனிக்கு வந்தவரிடம் அது அளப்பது பள்ளிப் படிப்பைத்தான். இந்தச் சிக்கலை உணர்ந்து 10/66 என்ற மறதி நோய் ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் கூட இருப்பவரையும் விசாரித்தது. திருப்பூரில் ஒருவர் பகலெல்லாம் இருப்பது கம்பெனியில். சைஸ் மாறுவதை முதலில் கண்ட செக்கிங் அக்காவிடமும் டாக்டர் ஒரு வார்த்தை கேட்கலாம்.