பட்டனைத் தட்டினால் கொலம்பஸா?

நோ மேன்ஸ் ஸ்கை என்று ஒரு விளையாட்டு. இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் 2016-ல் வெளியிட்டது. அதில் கிரகங்கள் மட்டும் சுமார் 1.8 லட்சம் கோடி கோடி! முதலில் போய் இறங்குகிறவர் பெயர் வைக்கலாம். கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரும் பதிவாகும். ஊதா மலை, பச்சை வானம்... அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பேர் கண்டுபிடிப்பா?

அத்தனையும் கம்ப்யூட்டர் ஒரே சூத்திரத்தை வைத்துப் போடும் கோலம். சப்ளைக்கு எல்லையே இல்லாத சரக்குக்கு என்ன விலை கிடைக்கும்? காமர்ஸ் முதல் வருஷப் பாடம் இது.

நிஜக் கதை வேறு. 1977 மார்ச் 10, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை அளக்கக் காத்திருந்தார்கள். மறைக்கும் முன்பே நட்சத்திரம் மங்கியது. காரணம், யுரேனஸைச் சுற்றி யாரும் எதிர்பார்க்காத வளையங்கள்! நினைத்ததைப் பொய்யாக்குகிறதே, அதுதான் கண்டுபிடிப்பு. சூத்திரம் போட்ட கிரகம் எந்த நினைப்பைப் பொய்யாக்கும்?

நிஜத்துக்கு விலையும் உண்டு. ஆரம்பாக்கம் பக்கத்து மீனவர்களைக் கேட்டால் தெரியும். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை. வானத்தை ஆராயும் அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-ல் கிளம்பியதும் அங்கிருந்துதான்.

ஒரு நாள் வலையைக் கரையில் போட்டவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சோபாவில் சாய்ந்து பட்டன் தட்டியவருக்குக் கண்டுபிடித்தவர் பட்டமாம்!

விளையாடட்டும், நல்லா விளையாடட்டும். அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடட்டும்.